மூன்று முறை வந்த வெற்றி

ஆசிரியைக்கு முப்பத்தாறு வயது. மாணவருக்கு ஐம்பத்திரண்டு. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வேலை தெரிந்தவர் கற்றுக்கொடுக்கிறார், தெரியாதவர் கற்றுக்கொள்கிறார்.

ஆசிரியையின் பெயர் நாச்சியார். மாணவரின் பெயர் ஆவுடையப்பன். பாலிடெக்னிக் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் பாடம் நடத்தியவர் அவர். அது மூடப்பட்ட பிறகு நாச்சியாரிடம் வேலைக்கு வந்து சேர்ந்தார். பதில் சொல்லியே பழகிய வாய். கேள்வி கேட்க நேர்ந்தால் அது சற்றுக் கோணிக்கொள்ளும்.

திருநெல்வேலியில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் அவர்களுடைய மையம் இருந்தது. கடற்கரையில் இருபத்தாறு மீனவ ஊர்கள். ஊருக்கு ஒரு பூட்டிய அறை. அறைக்குள் ஒரு சர்வர். காற்று வருவதற்கு முன் மையம் அனுப்பும் எச்சரிக்கையை அந்த சர்வர் வாங்கிக்கொள்ளும். கரையில் சங்கை ஊதும். உயரமான கம்பத்தின் வழியாக, கடலில் இருக்கும் வள்ளங்களின் வயர்லெஸ்ஸில் பேசும்.

அந்த சர்வர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு முறை எழும்போதும் மையத்தைக் கேட்கும்: "நான் என்ன செய்யட்டும்?" மையம் இரண்டு பதில்களில் ஒன்றைத் தரும். "உன்னிடம் இருப்பதைக்கொண்டு எழு" என்பது ஒன்று. "இருப்பதை அழித்துவிட்டு, நான் தருவதைப் புதிதாக எழுதிக்கொள்" என்பது மற்றொன்று.

நாச்சியாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. எந்த ஊரின் சர்வரைத் தொடுவதற்கு முன்பும், அறைச் சாவி வைத்திருப்பவரைப் பெயர் சொல்லித் தொலைபேசியில் அழைப்பார். கடலில் யாரும் இருக்கிறார்களா, கரண்ட் நிலையாக இருக்கிறதா, சாவி கையில் இருக்கிறதா என்று கேட்பார். கடலில் ஒரு வள்ளம் இருந்தாலும் அன்று அந்த ஊரைத் தொடமாட்டார்.

ஒருநாள் ஆவுடையப்பன் கேட்டார்: "சர்வரே நல்லா இருக்கேன்னு ஸ்கிரீன்ல சொல்லுது மேடம். அப்புறம் ஊருக்கு எதுக்குப் போன்?"

"போன் பண்ணிட்டுக் கேளுங்க சார்."

"பண்ணினேன். நேத்து ஒரு அம்மா அரை மணி நேரம் மருமகளைப் பத்தியே பேசினாங்க."

"மருமக எப்படி இருக்காளாம்?"

"அது எனக்கு எதுக்கு மேடம்?"

நாச்சியார் தேநீரைக் குடித்து முடித்து, தம்ளரைக் கழுவி வைத்தார்.

மறுநாள் நாச்சியார் ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. மூன்று ஊர்களின் சர்வர்களில் புதிய மென்பொருளை எழுத வேண்டும். திரும்பி வந்ததும் இருவரும் சேர்ந்து செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆவுடையப்பன் காத்திருக்கவில்லை. அவருக்கு வேலை தெரியும். தெரியும் என்பதை நாச்சியாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் இருந்தது. மதியம் ஒன்றரை மணிக்கு, பட்டியலில் முதலாவதாக இருந்த முள்ளிமணலைத் திறந்தார். ஊருக்கு அழைக்கவில்லை. "அழித்து எழுதிக்கொள்" என்ற பதிலைத் தேர்ந்தெடுத்தார். அதன் கீழே ஒரு சின்னக் கட்டம் உண்டு: "இந்த ஒரு முறை மட்டும்." நாச்சியார் எப்போதும் அதில் டிக் போடுவார். ஆவுடையப்பன் யோசித்தார். எழுதுவது பாதியில் தோற்றுப்போனால்? அந்தக் கட்டம் காலியாக இருந்தால் சர்வர் தானாகவே மறுபடியும் முயலும். நாம் திரும்ப வந்து அழுத்த வேண்டியதில்லை. ஒரு நல்ல வாத்தியாரின் முன்யோசனை அது. கட்டத்தைக் காலியாகவே விட்டார். சர்வருக்கு "எழு" என்று ஆணையிட்டார்.

ஒன்று நாற்பத்தொன்றுக்குத் திரையில் பச்சை எழுத்து வந்தது: நிறுவல் வெற்றி. ஒன்று ஐம்பத்திரண்டுக்கு மறுபடியும் வந்தது. இரண்டு மூன்றுக்கு மறுபடியும்.

முதல் செய்தியை அவர் படித்தார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவது வந்தபோது டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

இரண்டு நான்குக்கு நாச்சியார் உள்ளே வந்தார்.

"முள்ளிமணல் முடிஞ்சுது மேடம்," என்றார் ஆவுடையப்பன்.

நாச்சியார் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது வானிலைச் செய்தி வந்தது. தென்மேற்கிலிருந்து பலத்த காற்று; ஒரு மணி நேரத்துக்குள் கரையைத் தொடும்; கடலில் இருப்போர் உடனே திரும்புக. மையம் அதை இருபத்தாறு ஊர்களுக்கும் தானாகவே அனுப்பியது. இருபத்தைந்து ஊர்கள் பெற்றுக்கொண்டதாகப் பதில் அனுப்பின.

"எது வரலை?" என்றார் நாச்சியார்.

"முள்ளிமணல்." ஆவுடையப்பன் திரையைச் சுட்டினார். "ஆனா வெற்றின்னு போட்டிருக்கே மேடம்."

"எத்தனை தடவை போட்டிருக்கு?"

அவர் எண்ணினார். "மூணு."

"ஒருத்தன் ஒரே பரீட்சையில மூணு தடவை பாஸாயிட்டேன்னு வந்து சொன்னா, வாத்தியாரா நீங்க என்ன சார் நினைப்பீங்க?"

ஆவுடையப்பனின் முகம் மாறியது. புதிதாக எழுதிக்கொண்ட சர்வர் எழுந்திருக்கிறது. எழுந்ததும் கேட்டிருக்கிறது, என்ன செய்யட்டும் என்று. மையம் சொல்லியிருக்கிறது, அழித்து எழுதிக்கொள் என்று. அது கீழ்ப்படிந்திருக்கிறது. மறுபடியும் எழுந்திருக்கிறது. மறுபடியும் கேட்டிருக்கிறது. பதினோரு நிமிடத்துக்கு ஒரு முறை பிறந்து, ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் தன்னையே அழித்துக்கொண்டிருந்தது. ஒவ்வோர் அழிவுக்கும் மையத்தில் ஒரு வெற்றி பதிவாகியிருந்தது.

"ஊர்ல கேட்டீங்களா? கடல்ல ஆள் இருக்கா?"

அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார்.

நாச்சியார் திரும்பித் தொலைபேசியை எடுத்து, முள்ளிமணலின் சாவியை வைத்திருக்கும் ரெஜினாளின் எண்ணை அழுத்தினார். அவர் முதுகைக் காட்டி நின்ற அந்த அரை நிமிடத்தில், ஆவுடையப்பன் பதற்றத்தில் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். சர்வர்களுக்கு மையம் பதில் சொல்லும் சேவையை முழுவதுமாக நிறுத்தினார். நான்காவது முறையாக எழுதிக்கொண்டிருந்த சர்வர் பாதியில் நின்றது. எழுதி முடிந்திருந்தால் அதற்கு ஓர் உயிராவது இருந்திருக்கும். இப்போது பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

"என்ன செஞ்சீங்க?" என்றார் நாச்சியார், திரும்பாமலே. விசைப்பலகையின் சத்தம் அவருக்குக் கேட்டிருந்தது.

"நிறுத்திட்டேன்."

"எழுதிக்கிட்டிருக்கும்போதா?"

"ஆமா."

நாச்சியார் கத்தியிருக்கலாம். அதற்கு நேரமில்லை.

"சேவையைத் திரும்ப ஓட விடுங்க. பதிலைச் சரி பண்ணுங்க. கட்டத்துல டிக் இருக்கா? எனக்குக் கேக்கிற மாதிரி வாசிங்க."

"இந்த ஒரு முறை மட்டும். டிக் இருக்கு."

"இன்னொரு தடவை."

"இந்த ஒரு முறை மட்டும். டிக் இருக்கு மேடம்."

"சரி. இனி அது எழுந்து கேட்டாத்தான் நாம எதையும் கொடுக்க முடியும். எழுப்ப இங்கிருந்து வழியில்லை. அங்க ஒருத்தர் விரலால பொத்தானை அழுத்தணும்." அவர் விசைப்பலகையைப் பிடுங்கி அலமாரியின் மேல் வைத்தார். தொலைபேசியை ஆவுடையப்பனின் கையில் கொடுத்தார். "லைன்ல ரெஜினாள். பேசுங்க."

"நான் என்ன பேச?"

"என்ன நடந்துச்சோ அதை."

நாச்சியார் இன்னொரு தொலைபேசியை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனார்.

"அம்மா, ஆவுடையப்பன் பேசுறேன். மையத்திலிருந்து. கடல்ல யாரும் இருக்காங்களா?"

"ஊரே இருக்கு சார். ஒம்பது வள்ளமும் தொழிலுக்குப் போயிருக்கு. கரையில பொட்டப்பிள்ளையளும் நாயும்தான் கெடக்கு. பெட்டி ஏன் ஊமையாக் கெடக்கு?"

"அது வந்தும்மா... சர்வர்ல ஒரு சின்னக் கோளாறு வந்துட்டுது."

நாச்சியார் தன் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, "வந்துட்டுதா?" என்று மட்டும் கேட்டார்.

ஆவுடையப்பன் கண்களை மூடித் திறந்தார். "நான் தப்புப் பண்ணிட்டேன்மா. ஒரு தடவை எழுதுன்னு சொல்லணும். சொல்லாம விட்டுட்டேன். அது திரும்பத் திரும்ப அழிச்சு எழுதிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் பாதியில நானே நிறுத்திட்டேன். பெரிய காத்து வருது. வள்ளங்களுக்குச் சொல்ல முடியலை."

மறுமுனையில் செருப்பு மணலில் தேயும் ஓசை கேட்டது. ரெஜினாள் ஓடத் தொடங்கியிருந்தார்.

"பொறவு திட்டுதேன்," என்றார் மூச்சு வாங்க. "இப்ப நான் என்ன செய்யணும்? அதச் சொல்லும்."

"அறையைத் திறங்கம்மா."

"கோயில்லேருந்து மீன் ஏலக்கூடத்து அறைக்கு வரண்டாமா? எனக்கு என்ன மோட்டாரா இருக்கு?"

ஆவுடையப்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னலருகே நாச்சியார், ஆழித்துறையில் இருக்கும் லூர்தையா என்பவரிடம் பேசிக்கொண்டிருந்தார். ஆழித்துறை பக்கத்து ஊர். அங்கே வள்ளங்கள் கரையேறியிருந்தன. தன் வள்ளத்தில் இருக்கும் வயர்லெஸ்ஸை முள்ளிமணலின் அலைவரிசைக்குத் திருப்பி, கேட்கிறவர் கேட்கட்டும் என்று கூப்பிடச் சொன்னார். வள்ளத்தின் வயர்லெஸ்ஸுக்குக் கம்பத்தின் உயரம் கிடையாது. எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவுதான்.

இரண்டு இருபத்து மூன்றுக்குப் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது.

"முன்னால ஒரு பொத்தான் இருக்கும்மா. வெளக்கு அணையிற வரைக்கும் அழுத்திப் பிடிங்க."

"பிடிச்சிருக்கேன். அணைஞ்சிட்டு."

"அஞ்சு வரைக்கும் எண்ணுங்க. திரும்ப ஒரு தடவை அழுத்துங்க. ஒரே தடவை."

"அத ஒமக்கு நான் சொல்லணும்."

ஆவுடையப்பன் அதை விழுங்கிக்கொண்டார்.

"பச்சையா மினுக்குது சார்."

திரையில் முள்ளிமணல் கேட்டது: என்ன செய்யட்டும்? மையம் பதில் சொன்னது. எழுதத் தொடங்கியது. இரண்டு இருபத்தைந்து.

"எத்தன நிமிசம் ஆவும்?"

"பதினொண்ணு."

"அதுக்குள்ள செய்ய வேற ஒண்ணும் இல்லியா?"

"இல்லம்மா. பொத்தானைத் தொடாம இருக்கணும். அதுதான்."

அவருடைய விரல்கள் காலி மேசையின் மேல் எதையோ தேடின. அலமாரியின் உச்சியைப் பார்த்தார்; நாச்சியாரைப் பார்த்தார். நாச்சியார் தலையை அசைக்கவில்லை.

"லைன்ல இருக்கீயளா?" என்றார் ரெஜினாள்.

"இருக்கேன்."

"இப்ப எத்தன?"

"ஒம்பது."

"ஒங்க நிமிசம் ரொம்ப நீளமால்ல இருக்கு. ஏன் சார், இந்த வேலைக்கு முன்ன நீங்க என்னவா இருந்தீய?"

"வாத்தியார்."

"பிள்ளைய தப்புப் பண்ணினா அடிப்பீயளோ?"

"முந்தி... அடிச்சிருக்கேன்."

"ம்," என்றார் ரெஜினாள். அந்த ஒரு மெய்யெழுத்துக்குள் இருபத்திரண்டு ஆண்டுகளும் அடங்கின.

நாச்சியார் ஒரு தாளில் எழுதிக்காட்டினார். லூர்தையா கூப்பிட்டதற்கு எட்டு வள்ளங்கள் பதில் சொல்லிவிட்டன. கரைக்குத் திரும்புகின்றன. ஒன்று பதில் சொல்லவில்லை. அதன் பெயரையும் எழுதியிருந்தார்.

ஆவுடையப்பன் தாளைப் பார்த்தார். இதை ஒரு கோளாறு என்று சொல்லிவிட முடியாது.

"எட்டு வள்ளம் கேட்டுட்டுதும்மா. திரும்பிட்டாங்க."

"மாதாவே." பிறகு குரல் தாழ்ந்தது. "எட்டா? எது கேக்கல?"

"கடலரசின்னு ஒண்ணு."

காற்று அந்தத் தொலைபேசிக்குள் முதன்முறையாகக் கேட்டது.

"அது எங்க வள்ளம்," என்றார் ரெஜினாள். "எங்க வீட்டுக்காரவியளும் என் தம்பியும் போயிருக்காவ. சீலா மீன் கிடைக்குதுன்னு மத்தவ போற எடத்துக்கு அங்கிட்டுப் போவாவ. நான் சொன்னா யாரு கேக்கா?" சற்று நிறுத்தினார். "எத்தன சார்?"

"ஆறு."

"சும்மா இருக்காதேயும். ஏதாச்சும் பேசும்."

பாடம் நடத்திய காலத்தில் அவருக்குச் சொற்பஞ்சம் வந்ததில்லை. இப்போது வந்தது. "உங்க தம்பி பேர் என்னம்மா?"

"மிக்கேல். இருவத்தாறு. அடுத்த மாசம் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கணும். பொண்ணு ஆழித்துறைக்காரி. எனக்குப் பிடிக்கல."

"ஏன் பிடிக்கலை?"

"என்னைய விட நல்லா மீன் வெட்டுதா."

ரெஜினாள் சிரிக்கவில்லை; அவரும் சிரிக்கவில்லை. ஆனால் இருவரும் அந்த ஒரு நிமிடத்தைக் கடந்தார்கள். அதற்கடுத்த நிமிடத்தையும் கடந்தார்கள். அந்தப் பெண்ணின் தகப்பன் எப்படிப்பட்டவன் என்றும், கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்றும் ஆவுடையப்பன் கேட்டார். ஒவ்வொரு பதிலையும் முழுமையாகக் கேட்டார். இடையிடையே ஒரே கேள்வி வந்தது. அவர் எண்ணைச் சொன்னார். நான்கு. மூன்று. ஒன்றரை.

இரண்டு முப்பத்தாறுக்குத் திரையில் பச்சை எழுத்து வந்தது: நிறுவல் வெற்றி.

ஆவுடையப்பன் பாதி எழுந்தார்.

"உக்காருங்க," என்றார் நாச்சியார். "இதைத்தான் மத்தியானத்திலிருந்து பாத்துக்கிட்டிருந்தீங்க."

அவர் உட்கார்ந்தார். சர்வர் அணைந்தது. எழுந்தது. கேட்டது: என்ன செய்யட்டும்? இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மையம் சொல்லும் பதிலைப் படித்தார்கள். உன்னிடம் இருப்பதைக்கொண்டு எழு.

திரையில் அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பத்து நொடி. இருபது. நாற்பது. பிறகு தொலைபேசிக்குள், காதைக் கிழிப்பதுபோல, முள்ளிமணலின் சங்கு ஊதியது. இருபத்தாறாவது ஊரின் பதில் அதற்குப் பிறகுதான் திரைக்கு வந்து சேர்ந்தது.

கம்பம் பேசத் தொடங்கிவிட்டது. கடலரசி கேட்டதா என்று சொல்ல யாரும் இல்லை.

ரெஜினாள் தொலைபேசியை அணைக்காமல் கரைக்கு நடந்தார். அதன்பின் கேட்டதெல்லாம் காற்று மட்டுமே. எட்டு வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரையேறுவதை ஊர்ப் பெண்களின் கூச்சல் சொல்லிற்று. மூன்று ஐந்துக்குக் காற்று கரையைத் தொட்டது. கூச்சலும் கேட்காமல் போயிற்று. ஆவுடையப்பன் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நாச்சியார் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். 

மூன்று இருபத்து நான்குக்கு ரெஜினாளின் குரல் வந்தது.

"தெரியுது சார். வாராவ."

பிறகு ஓடும் கால்கள், அலை, யாரோ யாரையோ வாய்க்கு வந்தபடி ஏசுவது. ஏசுவது ரெஜினாள்தான் என்று புரிய ஆவுடையப்பனுக்கு நேரம் பிடித்தது.

"சங்கதி கேட்டதும் வலைய அறுத்து விட்டுட்டு வந்திருக்காவ. அலை தூக்கி அடிச்சதுல தம்பிக்குக் கை ஒடிஞ்சிட்டு. உசிரு இருக்கு. ரெண்டு உசிரும் இருக்கு."

"அம்மா, நான்..."

"இரும். ஆசுபத்திரிக்குப் போணும். ஒம்ம பொறவு பாத்துக்கிடுதேன்."

இணைப்பு அறுந்தது.

மறுநாள் காலை ஆவுடையப்பன் எட்டு மணிக்கே வந்து, நடந்ததைப் பற்றிய அறிக்கையை எழுதி நாச்சியாரின் மேசையில் வைத்தார். ஒரே ஒரு வாக்கியம்தான். பலமுறை அடித்து எழுதியிருந்தார். கடைசியில் நின்ற வடிவம் இது: "தொலைவிலுள்ள முள்ளிமணல் சர்வர், என் தவறான ஆணையின் காரணமாக, அறுபத்தாறு நிமிடங்கள் செயலற்று இருந்தது."

நாச்சியார் அதைப் படித்தார். ஆவுடையப்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தன் முன் நின்ற பிள்ளைகளைப்போல நின்றார்.

"என் தவறுன்னு எழுதிட்டேன் மேடம்."

"எழுதியிருக்கீங்க. எது சார் தொலைவுல இருந்துச்சு?"

"சர்வர்."

"யாருக்கு?"

"நமக்கு. எழுபது கிலோமீட்டர்."

"ரெஜினாளுக்கு?"

அவர் யோசித்தார். "ஏலக்கூடத்துக்குள்ளேயே இருக்கு. அவங்க மீன் விக்கிற எடத்திலேருந்து பத்தடி இருக்கும்."

"மிக்கேலுக்கு?"

ஆவுடையப்பன் மெதுவாகச் சொன்னார்: "காதுக்குள்ள."

நாச்சியார் தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். மேலே பேனாவை வைத்தார்.

"அப்போ தொலைவுல இருந்தது யாருன்னு, பேரைப் போட்டு எழுதுங்க."